மாஸ்டர்ஸ் சேருமுன் பட்டத்தின் பெயரைப் படியுங்கள்

பினாங்கு ஜார்ஜ்டவுனில் ஒரு பழைய கடைவீட்டின் மாடியில் எங்கள் ஆர்க்கிடெக்ட் அலுவலகம் இருக்கிறது. சென்ற ஆண்டு ஒரு பெண் வேலை கேட்டு வந்தாள். பட்டர்வொர்த் பக்கம் வீடு, அப்பா லாரி ஓட்டுநர். மரபுக் கட்டடப் பாதுகாப்பில் மாஸ்டர்ஸ் முடித்திருந்தாள்.

கொண்டுவந்த வரைபடங்களைப் பார்த்துவிட்டு, அவளைக் கீழே அஞ்சடிக்கு, அதாவது கடை முன்னால் உள்ள கூரையிட்ட நடைபாதைக்கு, அழைத்துப் போனேன். தூணை ஒட்டிய சுவர் முழங்கால் உயரத்துக்குப் பொரிந்து, சாயம் செதில் செதிலாக உரிந்திருந்தது. “இது ஏன்மா இப்படி ஆச்சு?” என்றேன். குனிந்து நகத்தால் சுரண்டினாள். வெள்ளைக்கு அடியில் சாம்பல் நிறம் தெரிந்தது.

“யாரோ சிமெண்ட் பூசியிருக்காங்க சார். பழைய செங்கல் தரையிலிருந்து ஈரத்தை இழுக்கும். சுண்ணாம்புப் பூச்சுன்னா ஈரம் அது வழியா ஆவியாப் போயிடும். சிமெண்ட் அடைச்சிடுது. போக வழியில்லாம மேலே ஏறுது, உப்பையும் சேர்த்துக் கொண்டுவருது.”

பல வருஷம் கட்டுமானத்தில் இருப்பவர்களே அந்தச் சுவரைப் பார்த்ததும் மேலே இன்னொரு கோட்டிங் சாயம் அடிக்கத்தான் சொல்வார்கள். அன்றே வேலைக்கு எடுத்துக்கொண்டேன். மறுவாரம், ஆர்க்கிடெக்ட்களைப் பதிவு செய்யும் எல்ஏஎம் அமைப்பைப் பற்றி வந்து கேட்டாள்: “சார், எல்ஏஎம்ல கிராஜுவேட் ஆர்க்கிடெக்டா பதியணும். என்னென்ன கொடுக்கணும்?”

பதிய முடியாது என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அவள் படித்தது எம்.எஸ்சி. பதிவுக்கு வேண்டியது, பார்ட் 2 என்ற படிக்கு அங்கீகாரம் பெற்ற எம்.ஆர்க், அதாவது மாஸ்டர் ஆஃப் ஆர்க்கிடெக்சர். சேரும்போது விசாரித்திருக்கிறாள். “ரெண்டும் ஆர்க்கிடெக்சர் மாஸ்டர்ஸ்தான்” என்று கவுண்டரில் இருந்தவர் சொன்னதை நம்பிவிட்டாள். அப்பா சேர்த்து வைத்த பணமும் அவளுடைய இரண்டு வருஷமும் அதில் போயின.

அதனால்தான் இதை எழுதுகிறேன். நம் பிள்ளைகள் பலருக்கு வீட்டில் இந்தத் துறையைப் பற்றிச் சொல்ல ஆள் இல்லை. பெரும்பாலும் குடும்பத்திலேயே இவர்கள்தான் முதல் ஆர்க்கிடெக்ட்.

மலேசியாவில் ‘ஆர்க்கிடெக்ட்’ என்ற பெயரை யார் வேண்டுமானாலும் போட்டுக்கொள்ள முடியாது. 1967ஆம் ஆண்டு ஆர்க்கிடெக்ட் சட்டத்தின்படி லெம்பாகா அர்கிடெக் மலேசியா, அதாவது எல்ஏஎம், பதிவு தர வேண்டும். அதற்கு மூன்று படிகள். அங்கீகாரம் பெற்ற இளங்கலை பார்ட் 1. எம்.ஆர்க் பார்ட் 2. அதை முடித்து கிராஜுவேட் ஆர்க்கிடெக்டாகப் பதிந்து, குறைந்தது 2 ஆண்டு வேலை அனுபவம் பெற்று, பார்ட் 3 தேர்வில் தேறினால்தான் பெயருக்கு முன்னால் ‘ஆர்’ போடலாம். இளங்கலைக்கு 3, நடுவில் அலுவலகப் பயிற்சி 1, எம்.ஆர்க் 2, பிறகு 2 என்று கூட்டினாலே 8 வருஷம். “இன்னுமா படிக்கிறே?” என்று கேட்கும் அத்தை மாமாக்களிடம் பெற்றோரே இந்தக் கணக்கைச் சொல்லிவிடுங்கள். அந்தக் கேள்வி பிள்ளைகளை எவ்வளவு வாட்டுகிறது என்று எனக்குத் தெரியும்.

குழப்பம் எங்கே வருகிறது என்றால், விளம்பரத் தாளில் ‘எம்கியூஏ அங்கீகாரம்’ என்று இருக்கும். எம்கியூஏ என்பது உயர்கல்விப் படிப்புகளின் தரத்தைப் பார்க்கும் அரசு அமைப்பு. அதன் அங்கீகாரம், பட்டம் முறையானது என்பதற்கான சான்று. தொழில் பதிவுக்கான அங்கீகாரம் வேறு, அதைத் தருவது எல்ஏஎம். முதலாவது இருந்து இரண்டாவது இல்லாத படிப்புகள் உண்டு. எல்ஏஎம் அங்கீகாரமும் நிரந்தரமில்லை, காலக்கெடு உண்டு. நீங்கள் சேரும் ஆண்டு அதற்குள் வருகிறதா என்று பாருங்கள். வெளிநாட்டில் படிக்கப் போகிறவர்களும் இதைப் பார்க்காமல் விமானச் சீட்டு வாங்காதீர்கள்.

எம்.எஸ்சி வீண் என்று நான் சொல்லவே இல்லை. ஜார்ஜ்டவுன் 2008இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்த பிறகு, சுண்ணாம்பையும் மரச்சட்டத்தையும் அறிந்தவர்களின் தேவை இங்கே குறையவில்லை. ஆராய்ச்சி, கற்பித்தல், மரபுப் பாதுகாப்பு என்றால் தாராளமாகப் படியுங்கள். ஆனால் ஆர்க்கிடெக்ட்டாகப் பிளானில் கையெழுத்துப் போட்டு மாநகர் மன்றமான எம்பிபிபி-க்கு அனுப்ப வேண்டும் என்ற ஆசை இருந்தால் எம்.ஆர்க்கை முதலில் முடித்துவிடுங்கள்.

பார்ட் 1 முடித்த கையோடு எம்.ஆர்க் சேர அவசரப்படாதீர்கள் என்பதும் என் அழுத்தமான கருத்து. ஒரு வருஷமாவது அலுவலகத்தில் வேலை பாருங்கள். சைட்டில் மழை பெய்து கான்கிரீட் வேலை நிற்பதையும், ஒரு படிக்கட்டின் அகலத்துக்காக தீயணைப்புத் துறையான பொம்பாவோடு மூன்று முறை பேச வேண்டியிருப்பதையும் பார்த்தவர்களின் தீசிஸ் வேறு மாதிரி இருக்கிறது.

தீசிஸ் என்றதும் ஒன்று கேட்கத் தோன்றுகிறது. தோட்டத் தொழிலாளர்கள் வாழ்ந்த நம் லயத்து வரிசை வீடுகள் ஒவ்வொன்றாக இடிந்துகொண்டிருக்கின்றன. அவற்றை அளந்து வரைந்து வைக்க நம் பிள்ளைகளை விட்டால் யார் வருவார்கள்? யாராவது ஒருவர் எடுத்துச் செய்யுங்கள். அளவெடுக்க ஆள் வேண்டுமென்றால் நானே வருகிறேன். இன்னொன்று, இரவெல்லாம் விழித்து மாடல் ஒட்டிவிட்டு விடியற்காலையில் பினாங்கு பாலத்தில் மோட்டார் ஓட்டிக்கொண்டு போகாதீர்கள். தூங்கி எழுந்து போங்கள்.

அந்தப் பெண்ணுக்கு இரண்டு வழி இருந்தது: எல்ஏஎம் நடத்தும் பார்ட் 2 தேர்வை எழுதுவது, அல்லது எம்.ஆர்க்கில் புதிதாகச் சேர்வது. அவளுடைய இளங்கலைக்கு பார்ட் 1 அங்கீகாரம் இருந்ததால் எம்.ஆர்க்கையே எடுத்தாள். இந்த முறை பல்கலைக்கழகத்துக்கு விண்ணப்பிக்கும் முன்னரே பட்டத்தின் முழுப்பெயரையும் சேரும் ஆண்டையும் குறிப்பிட்டு எல்ஏஎம்முக்கு எழுதிக் கேட்டாள். வந்த பதிலை அச்செடுத்து, அப்பாவிடம் மலாயில் ஒரு முறையும் தமிழில் ஒரு முறையும் படித்துக் காட்டிய பிறகுதான் பணம் கட்டினாள்.