நோயாளி எப்போது மனம் திறக்கிறார்?

சர்க்கரை நோயை இரத்தப் பரிசோதனையும் எலும்பு முறிவை எக்ஸ்ரே படமும் காட்டிவிடும். மனச்சோர்வையோ மனச்சிதைவையோ அவ்வாறு உறுதிசெய்யும் சோதனை அன்றாட மருத்துவத்தில் இன்னும் இல்லை. தைராய்டு குறைபாடு போன்ற உடற்காரணங்கள் உள்ளனவா என்று பார்க்கவே ஆய்வகம் பெரும்பாலும் பயன்படுகிறது. எஞ்சியதெல்லாம் பேச்சின் வழியாகவே தெரிய வேண்டியிருப்பதால், மருத்துவரை நம்பாத நோயாளி எவ்வளவு மறைக்கிறாரோ அந்த அளவுக்கு நோயறிதலும் பிழைபடும்.

அமெரிக்க மனநல மருத்துவர் ஹாரி ஸ்டாக் சல்லிவன் (1892–1949), நேர்காணல் நடத்தும் மருத்துவரைப் பங்கேற்கும் பார்வையாளர் என்றார்; அதாவது, அவர் விலகி நின்று கவனிப்பவர் மட்டுமல்லர், அந்த உரையாடலில் தாமும் ஒரு பங்காளி. வெப்பமானி நோயாளியிடம் முகம் சுளிப்பதில்லை. மருத்துவர் முகம் சுளித்தாலோ, அடுத்து வரவேண்டிய உண்மை வராமலே போய்விடும். தொடக்கத்தில் "என்ன சிரமத்தோடு வந்திருக்கிறீர்கள்?" என்பதுபோல் விரிவாகப் பேச இடம் தரும் கேள்வியைக் கேட்டுவிட்டுக் காத்திருப்பதே நல்லது. இது எளிதன்று. 1984-இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வு, பொது மருத்துவத்தில் நோயாளி பேசத் தொடங்கியபின் சராசரியாக 18 விநாடிகளில் மருத்துவர் குறுக்கிட்டதைக் கண்டது. நோயாளி பேசும்போதே அவருடைய பேச்சின் வேகம், முகபாவம், எண்ணங்களின் கோர்வை, கேள்விக்கும் பதிலுக்கும் இடையிலான தாமதம் ஆகியவற்றை மருத்துவர் கவனித்துக்கொண்டிருக்கிறார். மனநிலைப் பரிசோதனையின் பெரும்பகுதி இவ்வாறு தனியே கேள்வி கேட்காமலே நடந்துவிடுகிறது.

சொல்வது வெளியே போகாது என்ற உறுதியை முதலிலேயே தருவது வழக்கம். அதற்கு எல்லை உண்டு என்பதையும், உயிருக்கு ஆபத்து என்று தெரிந்தால் பிறரிடம் சொல்ல வேண்டிவரும் என்பதையும் அப்போதே சொல்லிவிட வேண்டும். காப்பாற்ற முடியாத வாக்கைக் கொடுத்துப் பெறும் நம்பிக்கை, அது உடையும் நாளில் சிகிச்சையையும் கூடவே கொண்டுபோய்விடும்.

தற்கொலை பற்றிக் கேட்டால் இல்லாத எண்ணத்தை விதைத்துவிடுவோமோ என்று பலர் அஞ்சுகின்றனர். நியூயார்க் மாநிலத்தில் 2,342 பள்ளி மாணவர்களிடம் நடத்தி 2005-இல் வெளியிடப்பட்ட ஆய்வில், அக்கேள்விகளைக் கேட்கப்பட்டவர்களிடம் கேட்கப்படாதவர்களைவிட மனவேதனையோ தற்கொலை எண்ணமோ கூடவில்லை. ஆகவே, வாழ்க்கை வெறுத்துப்போனதாகத் தோன்றியதுண்டா என்று தொடங்கி, உயிரை விடும் எண்ணம் வந்ததா, எப்படி என்று யோசித்தாரா, அதற்கான பொருள் கைக்கெட்டும் இடத்தில் இருக்கிறதா என்று படிப்படியாக, தயங்காத குரலில் கேட்பதே சரி. கேட்பவர் தயங்கினால், இதைப் பேசக்கூடாது போலும் என்று நோயாளி எடுத்துக்கொள்வார்.

மருட்சியோடு, அதாவது உண்மைக்கு மாறான அசையாத நம்பிக்கையோடு, வருபவரிடம் பேசுவது இன்னும் நுட்பமானது. அண்டை வீட்டார் தம் எண்ணங்களைத் திருடுகிறார்கள் என்று ஒருவர் உறுதியாக நம்பும்போது, அது பொய் என்று வாதிடுவதால் அந்த நம்பிக்கை அசைவதில்லை. அவருடைய எதிரிகளின் பட்டியலில் மருத்துவரும் சேர்ந்துகொள்வார், அவ்வளவுதான். ஆமாம் என்று தலையாட்டுவதும் தவறு, ஏனெனில் அது நேர்மையன்று. "இப்படியொரு பயத்தோடு இரவில் எப்படித் தூங்குகிறீர்கள்?" என்று கேட்கும் மருத்துவர், மருட்சியை ஏற்கவும் இல்லை, மறுக்கவும் இல்லை, அதனால் உண்டான பயம் மெய்யானது என்பதை ஒப்புக்கொள்கிறார், தூக்கம் எப்படி என்பதையும் தெரிந்துகொள்கிறார். "நீங்கள் என்னை நம்புகிறீர்களா?" என்று நோயாளி நேராகக் கேட்டால், "எனக்கு அப்படித் தோன்றவில்லை, ஆனால் நீங்கள் படும் வேதனை தெரிகிறது, அதைக் குறைக்க உங்களோடு சேர்ந்து முயல விரும்புகிறேன்" என்று சொல்லலாம். தாம் நோயாளி என்பதையே ஏற்காத ஒருவர்கூட, தூக்கத்துக்கு உதவி வேண்டும் என்பதை ஏற்பதுண்டு. பல சிகிச்சைகள் அந்தச் சிறு உடன்பாட்டில்தான் தொடங்குகின்றன.

முடிக்கும் முன் "நான் கேட்காமல் விட்டது ஏதாவது உண்டா?" என்று கேட்டுச் சில நிமிடங்களை ஒதுக்கி வைத்துக்கொள்வது அவசியம். எழுந்து கதவருகே போனபின், கைப்பிடியைப் பற்றியபடி, வந்த காரணத்தை அப்போதுதான் சொல்லும் நோயாளிகள் இருக்கிறார்கள்.