ட்ரம்மின் உட்சுவரில் தொடங்கும் டெங்கு

மழை பெய்தால் கொசு பெருகும் என்பது பாதி உண்மை. டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் எஜிப்டிக்கு மழை கட்டாயமில்லை. நாலைந்து நாளுக்கு ஒருமுறை குழாயில் தண்ணீர் வரும் தெருவும், வாசலில் 200 லிட்டர் பிளாஸ்டிக் ட்ரம்மும் இருந்தால் போதும். ஆப்பிரிக்கக் காடுகளில் மரப்பொந்து நீரில் வளர்ந்த இனம், மனிதர் பிடித்துவைத்த தண்ணீருக்குப் பழகி ஊருக்குள் வந்துவிட்டது.

பெண் கொசு நீர்மட்டத்துக்குச் சற்று மேலே, ஈரச் சுவரில் முட்டைகளை ஒவ்வொன்றாக ஒட்டும். ஒரு மில்லிமீட்டர்கூட இல்லாத கருப்புப் புள்ளிகள். பார்த்தால் கரித்தூள் என்றே நினைப்போம். இரண்டு மூன்று நாளில் கரு முதிர்ந்துவிட்டால், பிறகு காய்ந்தாலும் முட்டை சாகாது, மாதக்கணக்கில் கிடக்கும். தண்ணீர் ஏறி மூழ்கடித்ததும் பொரிக்கும். ட்ரம்மில் நடப்பதும் இதுதான்: புழங்கப் புழங்க மட்டம் இறங்குகிறது, சுவர் வெளியே தெரிகிறது, முட்டை ஒட்டுகிறது, குழாய் வந்த அன்று விளிம்புவரை நிரம்புகிறது. கொசுவைக் கேட்டு நேரம் குறித்ததுபோல! அடுத்து எப்போது வருமோ என்று அடித்தண்ணீரை யாரும் கொட்டுவதுமில்லை. அவர்களைக் குறை சொல்ல முடியாது.

பொரித்த புழு கொசுவாகப் பறக்க, நம் ஊர் வெயிலில் 7 முதல் 10 நாள் ஆகும். வாரம் ஒருமுறை கழுவச் சொல்வது அதனால்தான். ஆனால் கவிழ்த்தால் மட்டும் முட்டை போகாது. உட்சுவரை விளிம்பிலிருந்து அடிவரை பிரஷ்ஷால் அழுத்தித் தேய்த்து, கழுவிய நீரைக் காய்ந்த மண்ணில் ஊற்ற வேண்டும். காலிசெய்யவே முடியாத ட்ரம்முக்குக் கொசுப்புழுவைக் கொல்லும் அபேட் மருந்து உண்டு: 1 சதவீத மணல் குருணையானால் 200 லிட்டருக்கு 20 கிராம். வாயைத் துணியால் கட்டுவதானால் இழுத்துக் கட்டுங்கள். தொய்ந்து தண்ணீரைத் தொட்டால் அந்த ஈரத்துணியிலேயே முட்டையிடும்.

புகை மருந்து பறக்கும் கொசுவைத்தான் கொல்லும், புழுவை ஒன்றும் செய்யாது. கட்டிலுக்கடியிலும் தொங்கும் துணிகளுக்குப் பின்னாலும் ஒளிந்திருக்கும் ஏடிஸ், தெருவில் அடிக்கும் புகைக்குப் பெரும்பாலும் தப்பிவிடும். அது வெகுதூரம் பறப்பதுமில்லை, பெரும்பாலும் 100, 200 மீட்டருக்குள்தான். எனவே கடித்த கொசு பெரும்பாலும் உங்கள் வீட்டிலோ அக்கம்பக்கத்திலோ பிறந்ததாகவே இருக்கும்.

ட்ரம் இல்லாத அடுக்ககத்தில் ஃபிரிட்ஜுக்குப் பின்னால், கீழே உள்ள தட்டைப் பாருங்கள். பனி உருகிய நீர் அங்கேதான் சேரும். பிளக்கைப் பிடுங்கிவிட்டு, தட்டு கழன்று வந்தால் தேய்த்துக் கழுவலாம். வராவிட்டால் பழந்துணியால் ஒற்றியெடுத்து, ஓரங்களை அழுத்தித் துடைக்கலாம்.