கீரையின் பச்சை எங்கே போகிறது?

தை பிறந்ததிலிருந்து சந்தையில் கீரைக்கட்டுகள் குவிந்து கிடக்கின்றன. வாசகி ஒருவர் கேட்டிருக்கிறார்: “அரைக்கீரையைக் கொதிக்கிற தண்ணீரில் போட்ட ஒரு நிமிடத்தில் கிளிப்பச்சையாக மின்னுகிறது. கடைந்து கிண்ணத்தில் எடுக்கும்போது பாசி பிடித்த குளம் மாதிரி ஆகிவிடுகிறது. பரிமாறினால் பிள்ளைகள் முகம் சுளிக்கிறார்கள். என்ன தப்பு செய்கிறேன்?”

அவர் இரண்டு வேறு வேறு சங்கதிகளைச் சரியாகக் கவனித்திருக்கிறார். முதலில் பச்சை கூடுகிறது, பிறகு குறைகிறது.

கூடுவதற்குக் காரணம் காற்று. இலையின் உள்ளே செல்களுக்கு இடையில் காற்று நிறைந்த சின்னச் சின்ன இடைவெளிகள் உண்டு. உள்ளே போகும் வெளிச்சத்தை அவை சிதறடிப்பதால், பச்சை இலைமேல் மெல்லிய வெண்திரை போட்டதுபோல் தெரியும். வெந்நீர் பட்டதும் அந்தக் காற்று வெளியேறி, இடைவெளியில் தண்ணீர் புகுந்துகொள்கிறது. நனைந்த துணியின் நிறம் அடர்த்தியாகத் தெரிகிறதே, அதே கணக்குதான். பச்சையம் புதிதாக எதுவும் உண்டாகவில்லை. இருந்த பச்சையை இப்போதுதான் நாம் முழுசாகப் பார்க்கிறோம்.

அடுத்து நடப்பதுதான் எனக்கு மிகவும் பிடித்த இடம். பச்சைய மூலக்கூறை ஒரு கல் வைத்த மோதிரம் என்று நினைத்துக்கொள்ளுங்கள். வளையத்தில் நான்கு நைட்ரஜன் அணுக்கள் உள்நோக்கி நிற்கின்றன. அவை நான்கும் சேர்ந்து நடுவில் ஒரே ஒரு மெக்னீசியம் அணுவைப் பிடித்திருக்கின்றன. அந்தக் கல் இருக்கும்வரை பளிச்சென்ற பச்சை.

கல்லைப் பிடுங்குவது அமிலம். அது எங்கிருந்து வருகிறது? நீங்கள் புளி சேர்க்கவில்லையே! இலைக்குள்ளேயே இருக்கிறது. பள்ளியில் படித்த நுண்குமிழ் நினைவிருக்கிறதா? செல்லின் பெரும்பகுதியை அடைத்துக்கொண்டிருக்கும் நீர்ப்பை. ஆக்சாலிக், சிட்ரிக் போன்ற அமிலங்களைச் செடி அதற்குள் பூட்டி வைத்திருக்கிறது. பச்சையமோ தனியாக, பசுங்கணிகத்துக்குள் புரதத்தோடு பிணைந்து கிடக்கிறது. உயிருள்ள இலையில் இரண்டும் சந்திப்பதே இல்லை. சூடு ஏறியதும் நீர்ப்பையின் சவ்வு கிழிகிறது, புரதமும் பிடியை விடுகிறது. அமிலம் செல் முழுக்கப் பரவுகிறது. இரண்டு ஹைட்ரஜன் அயனிகள் உள்ளே நுழைந்து, ஒரு மெக்னீசியத்தை வெளியே தள்ளி, அந்த இடத்தில் உட்கார்ந்துகொள்கின்றன. வளையம் அப்படியேதான் இருக்கிறது. நடுவில் ஓர் அணு மாறியதற்கே கிளிப்பச்சை மங்கி ஆலிவ் பழுப்பாகிறது. பியோஃபைட்டின் என்று அதற்குப் பெயர். பச்சையத்தின் அமைப்பைத் துலக்கிய ரிச்சர்ட் வில்ஷ்டேட்டருக்கு 1915இல் வேதியியல் நோபல் கிடைத்தது. இத்தனை பெரிய வேதியியல் நம் மண்சட்டிக்குள் தினமும் நடக்கிறது.

இது தெரிந்துவிட்டால் பாட்டிமார் சொன்னதெல்லாம் விளங்கும். கீரை வேகும்போது மூடாதே என்றார்கள். ஆவியாகக்கூடிய அமிலங்கள் திறந்த சட்டியிலிருந்து வெளியே போய்விடும், மூடினால் சொட்டுச் சொட்டாகத் திரும்ப விழும். பிரஷர் குக்கர் இன்னும் மோசம். அமிலம் தப்ப வழியில்லை, சூடும் ஏறத்தாழ 120 டிகிரி செல்சியஸ் வரை போகும். நிறைய தண்ணீரைத் தளதளவென்று கொதிக்கவிட்டு, ஐந்தாறு நிமிடத்தில் இறக்குங்கள். பீன்ஸ், அவரைக்காய் பொரியலுக்கும் இதே வழிதான். புளியோ எலுமிச்சையோ வேண்டுமென்றால் கடைசியில் சேருங்கள்.

சோதித்துப் பார்க்க விரும்பினால், ஒரு கைப்பிடிக் கீரையை மூன்று பாத்திரங்களில் வேகவையுங்கள். ஒன்றில் வெறும் தண்ணீர், இன்னொன்றில் எலுமிச்சைச் சாறு, மூன்றாவதில் ஒரு சிட்டிகை சமையல் சோடா. பத்து நிமிடத்தில் மூன்று நிறங்கள் கிடைக்கும். வீட்டில் பள்ளிப் பிள்ளைகள் இருந்தால் அவர்களையே செய்யச் சொல்லுங்கள். சோடா போட்டதுதான் அழகாக இருக்கும், ஆனால் அதைச் சாப்பாட்டுக்கு நான் சிபாரிசு செய்ய மாட்டேன். சோடாவின் காரத்தன்மை, அதாவது அமிலத்துக்கு எதிரான குணம், தயமின் என்ற வைட்டமின் பி1ஐ அழிக்கும். கீரையும் கூழாகிவிடும்.

கடையில் வாங்கும் பச்சைப் பட்டாணி சந்தேகத்துக்கிடமாக மின்னினால் தண்ணீரில் அரை மணி நேரம் ஊறப்போடுங்கள். பச்சையம் தண்ணீரில் கரையாது, எண்ணெயில்தான் கரையும். தண்ணீர் பளிச்சென்று பச்சையானால் அது சாயம்.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். ரத்தத்தின் ஹீம் மூலக்கூறிலும் இதேபோன்ற வளையம்தான், நடுவில் மெக்னீசியத்துக்குப் பதில் இரும்பு. இந்த ஒற்றுமையைக் காட்டி, பச்சைச் சாறு குடித்தால் அப்படியே ரத்தமாகும் என்று விற்கிறார்கள். நம் உடல் ஹீம் வளையத்தைக் கிளைசின் போன்ற சிறு மூலக்கூறுகளிலிருந்து தானே கட்டிக்கொள்கிறது. குடித்த பச்சையத்தில் கல்லை மாற்றி வைக்கும் வேலை எதுவும் நடப்பதில்லை. ரத்தசோகைக்காரர்களை இப்படி ஏமாற்றுவது எனக்குக் கோபத்தை வரவழைக்கிறது. சமையல் வேதியியல் நூல்கள் பெரும்பாலும் பட்டாணியையும் பசலையையும் வைத்தே பேசுகின்றன. நம் மனையியல் கல்லூரிகளுக்குக் கொஞ்சம் பணம் கொடுத்தால் சிறுகீரையையும் முருங்கையையும் அளந்து காட்டுவார்கள். அதற்கு நிதி ஒதுக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

சரி, பரிமாறுவதற்கு வருவோம். பாரிஸின் கோப்லன் திரைச்சீலை ஆலையில் சாயப்பிரிவுக்குத் தலைவராக இருந்த வேதியியலாளர் மிஷேல் ஷெவ்ரலிடம், கறுப்பு நூல் மங்கலாக இருக்கிறதென்று புகார் வந்தது. சாயத்தில் குறையில்லை, பக்கத்து நிறங்கள்தான் கறுப்பை மங்கலாகக் காட்டின என்று அவர் கண்டுபிடித்தார். கண் எந்த நிறத்தையும் தனியாகப் பார்ப்பதில்லை. பச்சைக்குப் பக்கத்தில் சிவப்பு வந்தால் இரண்டும் தூக்கலாகத் தெரியும். கீரை மசியலின் மேல் தாளிப்பைக் கலக்காமல், இரண்டு வறுத்த மிளகாய் வற்றலோடு அப்படியே விடுவதில் இந்தச் சூட்சுமம் இருக்கிறது.

புளிச்சகீரை மட்டும் எந்த உபாயத்துக்கும் மசியாது. வாணலியில் விழுந்ததுமே பழுப்பாகும், அதன் சொந்தப் புளிப்பு அப்படி. அதற்குக் கறுப்புக் கல்சட்டி எடுங்கள். நடுவில் குழித்து நல்லெண்ணெய் ஊற்றி, ஓரத்தில் நறுக்கிய சின்ன வெங்காயத்தையும் ஒரு வற்றலையும் வையுங்கள். பழுப்பும் அங்கே அழகாக இருக்கும்.