டிவியை அணைத்த பிறகும் மினுக்கும் விளக்கு

"ராத்திரியானால் இணையம் படுத்துக்கொள்கிறது தம்பி, ஒருமுறை வந்து பாருங்கள்" என்று ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் அழைத்திருந்தார். வீட்டு இணைய இணைப்பையும் வைஃபையையும் சரிசெய்வது என் தொழில். இப்படிப்பட்ட புகார்கள் பெரும்பாலும் ரவுட்டரை இடம் மாற்றி வைத்தாலே தீர்ந்துவிடும். இரும்பு அலமாரிக்குள், மீன்தொட்டிக்குப் பின்னால், ஷூ அடுக்கின் கீழ்த்தட்டில் என்று அந்தப் பெட்டி படும் பாட்டைப் பற்றித் தனியாகவே எழுதலாம்.

அவர் வீட்டில் ரவுட்டர் நடுக்கூடத்தில், உயரத்தில், நல்ல இடத்தில்தான் இருந்தது. வேகத்துக்கும் குறைவில்லை, நொடிக்கு 100 மெகாபிட் இணைப்பு. 4கே படத்துக்கு நெட்ஃபிளிக்ஸ் கேட்பது 15 மெகாபிட்தான். டிவி அணைந்திருந்தது. கைப்பேசிகளிலெல்லாம் வைஃபையை அணைக்கச் சொன்னேன். வீட்டில் ஒருவரும் இணையத்தைத் தொடாத அந்த நேரத்திலும் ரவுட்டரின் விளக்கு விடாமல் மினுக்கிக்கொண்டிருந்தது.

மடிக்கணினியில் ரவுட்டரின் கணக்கைத் திறந்து பார்த்தேன். பெயரே இல்லாத ஒரு சாதனம் தெரிந்தது. அது வாங்கிய தரவைவிட அனுப்பிய தரவு அதிகம். படம் காட்டுகிற கருவி வாங்கத்தானே வேண்டும், இப்படி அள்ளி அனுப்ப அதனிடம் என்ன இருக்கிறது? டிவிக்குப் பின்னால் கையை விட்டுத் துழாவினேன். உள்ளங்கை அகலத்தில் ஒரு கறுப்புப் பெட்டி அகப்பட்டது. நேற்றிரவுக்குப் பிறகு யாரும் டிவி பார்க்கவில்லை என்றார்கள், பெட்டியோ சுட்டது. பிளக்கைப் பிடுங்கினேன். விளக்கு நிதானத்துக்கு வந்தது.

"எல்லா ஓடிடியும் இலவசமாக வரும் என்று மருமகன் வாங்கிக் கொடுத்தது" என்றார் ஆசிரியர், சற்றே தயங்கி.

அனுப்பும் வழி அடைத்துக்கொண்டால் படம் ஏன் நிற்கிறது என்று கேட்பார்கள். இணையத்தில் ஒரு தரவுத் துண்டு நமக்கு வந்து சேர்ந்தால் 'வந்துவிட்டது' என்று நம் பக்கத்திலிருந்து ஒரு சிறு பதில் போக வேண்டும். அந்தப் பதில் வரிசையில் மாட்டிக்கொண்டால் மறுமுனை வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். திரையில் வட்டம் சுற்ற ஆரம்பிக்கும். ஆசிரியர் அதற்குள் இரண்டு முறை அதிக வேகத் திட்டத்துக்கு மாறிப் பணம் கட்டியிருந்தார்.

டிவியில் செருகிப் படம் பார்க்கும் இந்த ஆண்ட்ராய்டு பெட்டிகளில் இரண்டு சாதி உண்டு. கூகுளின் சான்று பெற்றவை ஒன்று. திறந்த மூல ஆண்ட்ராய்டை எடுத்து, யார் வேண்டுமானாலும் எதை வேண்டுமானாலும் உள்ளே வைத்து விற்பவை இன்னொன்று. தோற்றத்தில் வேறுபாடு தெரியாது. 2023 ஜனவரியில் கனடாவைச் சேர்ந்த ஒருவர் தான் வாங்கிய டி95 என்ற பெட்டியைப் பிரித்து ஆராய்ந்தபோது, அதன் அடிப்படை மென்பொருளிலேயே தீநிரல் (மால்வேர்) பதிந்திருந்தது. அதாவது, உறை பிரிக்கும் முன்பே. அதே ஆண்டில் ஹியூமன் செக்யூரிட்டி என்ற நிறுவனம் இப்படிப்பட்ட பெட்டிகளின் வலையமைப்பை ஆராய்ந்து 'பேட்பாக்ஸ்' என்ற பெயரில் வெளிக்கொண்டுவந்தது. 2024 டிசம்பரில் ஜெர்மனியின் இணையப் பாதுகாப்பு அலுவலகம் அந்நாட்டில் சுமார் 30,000 கருவிகளுக்கும் அவற்றை இயக்குபவர்களின் சர்வர்களுக்கும் இடையிலான தொடர்பைத் துண்டித்தது. அதில் டிஜிட்டல் புகைப்படச் சட்டங்களும் இருந்தன. 2025 ஜூனில் அமெரிக்கப் புலனாய்வு அமைப்பான எஃப்பிஐ இத்தகைய கருவிகள் குறித்து எச்சரிக்கை விடுத்தது. அடுத்த மாதமே இந்த வலையமைப்பை நடத்துபவர்கள் மீது கூகுள் வழக்குத் தொடுத்தது. 1 கோடிக்கும் மேற்பட்ட கருவிகள் சிக்கியிருப்பதாக அப்போது அது தெரிவித்தது.

அந்தப் பெட்டி செய்கிற வேலை எளிமையானது: உங்கள் வீட்டு இணைப்பின் அடையாள எண்ணான இணைய முகவரியை (ஐபி) வாடகைக்கு விடுகிறது. எங்கோ இருக்கும் ஒருவன் திருடிய கடவுச்சொற்களை ஒரு வங்கித் தளத்தில் வரிசையாகப் போட்டுப் பார்க்கிறான் என்று வையுங்கள். தன் முகவரியிலிருந்து போனால் தளம் தடுத்துவிடும். சாதாரண வீட்டு இணைப்பு வழியாகப் போனால் சந்தேகம் வராது. வங்கியின் பதிவேட்டில் இருக்கப் போவது ஆசிரியர் வீட்டின் முகவரி. இடைப்பட்ட நேரத்தில் பெட்டி சும்மா இருக்காமல், கண்ணுக்குத் தெரியாத விளம்பரங்களைச் சொடுக்கிக் காசு பார்க்கும்.

இதைச் சொல்லிக்கொண்டிருந்தபோது சமையலறை வாசலில் நின்றிருந்த ஆசிரியரின் மனைவி, "அதனால்தானா? எதைத் தேடினாலும் நீங்கள் ரோபோ இல்லையென்று நிரூபியுங்கள் என்கிறது. சிக்னல் விளக்குப் படங்களைப் பொறுக்கிப் பொறுக்கியே என் கண் போயிற்று" என்றார். என் கையிலிருந்த கருவிகளைவிட அவர் கவனித்ததுதான் துல்லியமான அறிகுறி. தேடுதளங்கள் உங்கள் வீட்டு முகவரியைச் சந்தேகிக்கத் தொடங்கியிருந்தால், வீட்டுக்குள் எதுவோ இருக்கிறது.

பெட்டியைத் தொழிற்சாலை நிலைக்குத் திருப்பினால் போதுமா என்று கேட்டார். போதாது. தீநிரல் அடிப்படை மென்பொருளிலேயே இருந்தால், திருப்பிய நிலையும் அதே நிலைதான். இன்னொருவருக்குக் கொடுத்துவிடவும் கூடாது.

வாங்கும் முன் கண்டுபிடிக்க முடியுமா? ஓரளவு முடியும். கட்டணச் சேவைகள் அனைத்தும் வாழ்நாள் முழுக்க இலவசம் என்று அட்டையில் போட்டிருந்தால் அங்கேயே வைத்துவிட்டு வாருங்கள். நிறுவும்போது, தீய செயலிகளைத் தடுக்கும் கூகுள் பிளே புரொடெக்டை அணைக்கச் சொன்னால் அது பூட்டைக் கழற்றச் சொல்லும் விருந்தாளி. இன்னொரு தடயமும் உண்டு: அட்டையில் 4கே என்று பெரிதாக அச்சிட்டிருக்கும், ஆனால் முறையான கட்டணக் கணக்கில் நுழைந்து பார்த்தாலும் படம் மங்கலாகவே வரும். வைட்வைன் என்ற காப்புரிமைப் பூட்டின் முதல் நிலைச் சான்று இல்லாத கருவிக்குப் பெரிய சேவைகள் 480 வரிகளுக்கு மேல் தெளிவு தருவதில்லை.

முறையான கருவி வாங்கியவர்களும் ஓரிடத்தில் ஏமாறுகிறார்கள். டிவித் திரையில் ஒரு குறியீடு தோன்றும்; ஒரு முகவரிக்குப் போய் அதை உள்ளிடச் சொல்லும். பலர் அந்த முகவரியை உலாவியின் முகவரிப் பட்டையில் தட்டாமல் தேடுபெட்டியில் தட்டுகிறார்கள். முதலில் வருவது விளம்பரம். அந்தப் போலிப் பக்கத்தில் எந்தக் குறியீட்டைப் போட்டாலும் 'பிழை, உதவிக்கு அழையுங்கள்' என்று ஒரு தொலைபேசி எண் வரும். அழைத்தால் இயக்கக் கட்டணம் கேட்பார்கள், அல்லது கைப்பேசித் திரையைத் தொலைவிலிருந்து பார்க்கும் செயலியை நிறுவச் சொல்வார்கள். டிவியில் ஒரு செயலியை இயக்கிவைக்கத் தனிக் கட்டணம் கிடையாது. டிவியில் படம் பார்க்கும் கருவிகளை விற்கும் ரோக்கு நிறுவனமே இது குறித்துத் தன் பயனர்களை எச்சரித்திருக்கிறது.

டிவியும் நாம் பார்ப்பதைப் பார்க்கும் என்பதையும் சொல்லிவிடுகிறேன். திரையில் ஓடுவதை அடையாளம் கண்டு தகவல் அனுப்பும் வசதியைப் பயனர் அறியாமல் இயக்கியதற்காக 2017இல் விசியோ என்ற டிவி நிறுவனம் அமெரிக்காவில் 22 லட்சம் டாலர் கட்டியது. இன்றைய டிவிகளின் தனியுரிமை அமைப்புகளில் அதை அணைக்கலாம். பெயர்தான் ஒவ்வொரு பிராண்டிலும் வேறு வேறாக ஒளிந்திருக்கும்.

ஆசிரியர் வீட்டு டிவியை ரவுட்டரின் விருந்தினர் வைஃபையில் இணைத்துவிட்டேன். அதில் இருக்கும் கருவியால் வீட்டின் மற்றக் கணினிகளைத் தொட முடியாது. மின்னஞ்சல் கடவுச்சொல்லை மாற்றச் சொன்னேன், பெட்டியில் அதைத்தான் உள்ளிட்டிருந்தார்.

கிளம்பும்போது, "மருமகனிடம் என்ன சொல்வது?" என்றார்.

"அவர் வீட்டிலும் ஒன்று இருக்கிறதா என்று கேளுங்கள் ஐயா."

அங்கேயே அழைத்துக் கேட்டார். கொஞ்சநேரம் காதில் வைத்திருந்துவிட்டு, கைப்பேசியைக் கையால் பொத்திக்கொண்டு என்னைப் பார்த்தார். "இரண்டு இருக்கிறதாம்."