ஒரு 'லாம்' படுத்தும் பாடு

லாட்டரி வாங்குகிறவன் துணிந்தவன், இன்சூரன்ஸ் கட்டுகிறவன் பயந்தவன். ஒரே ஆள் எப்படி இரண்டையும் செய்கிறான் என்று வாசகர் ஒருவர் கேட்டிருந்தார். எனக்கு உடனே சித்தப்பா ஞாபகம்தான் வந்தது. தென்காசிக்காரர். தமிழ்நாட்டில் 2003-லேயே லாட்டரிக்குத் தடை வந்துவிட்டதால், ஓணம் நெருங்கினால் புளியரை தாண்டி கேரளாவிலுள்ள ஆரியங்காவு வரை பைக்கில் போய் பம்பர் டிக்கெட் வாங்கி வருவார். அதைப் பத்திரப்படுத்துவது, எல்ஐசி பிரீமிய ரசீதுகள் இருக்கும் அதே ரெக்சின் பையில்.

டேனியல் கானமன், ஏமஸ் ட்வெர்ஸ்கி என்ற இரு இஸ்ரேலிய உளவியலாளர்கள் 1979-இல் வெளியிட்ட ஆய்வில் 72 பேரிடம் ஒரு கேள்வி கேட்டிருந்தார்கள். ஆயிரத்தில் ஒரு வாய்ப்பில் 5,000 இஸ்ரேலிய பவுண்டு விழக்கூடிய சீட்டு வேண்டுமா, கையில் 5 பவுண்டு வேண்டுமா? சராசரிக் கணக்குப்படி இரண்டும் ஒன்றுதான். ஆனால் 72 சதவீதம் பேர் சீட்டைக் கேட்டார்கள். அப்புறம் கேள்வியைத் திருப்பிப் போட்டார்கள்: ஆயிரத்தில் ஒரு வாய்ப்பில் 5,000 பறிபோகலாம், அல்லது இப்போதே 5 கட்டிவிடலாம். 83 சதவீதம் பேர் ஐந்தைக் கட்டிவிடுகிறோம் என்றார்கள். முதலாவது லாட்டரி, இரண்டாவது இன்சூரன்ஸ். துணிச்சலுக்கும் பயத்துக்கும் இதில் வேலையே இல்லை.

மனசு நிகழ்தகவை அப்படியே எடுத்துக்கொள்வதில்லை, எடை போடுகிறது. அந்தத் தராசு கோணல். எவ்வளவு கோணல் என்று 1992-இல் அதே இருவர் அளந்தார்கள். 1 சதவீத வாய்ப்புக்கு மனசு தரும் எடை சுமார் 5.5, 50-க்கு 42, 99-க்கு 91. எனக்கு மிகவும் பிடித்த இடம் இதுதான். 40 சதவீதம் 41 ஆனால் யாரும் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை. பூஜ்யம் ஒன்றானால்? 'கிடைக்காது' என்பது 'கிடைக்கலாம்' ஆகிவிடுகிறது. அந்த 'லாம்' ஒன்றுக்கே ஐந்து மடங்கு விலை. மறுமுனையிலும் இதே கதை. ஆபரேஷன் 99 சதவீதம் நல்லபடியாக முடியும் என்று டாக்டர் சொன்னால், மிச்சம் இருக்கும் அந்த ஒன்றை நினைத்துத்தான் ராத்திரி முழுக்கப் புரளுகிறோம்.

'தோஷம் இருக்கலாம்' என்கிற ஜோசியருக்கு இந்தக் கோணல் தராசு யாரும் சொல்லித்தராமலே தெரியும். பரிகாரத்துக்கு வாங்கும் பணம் முழுக்க அந்த 'லாம்'-ஐ அழிப்பதற்கான கூலி.

எண்ணைச் சொல்லிக் கேட்டால்தான் இப்படி. 2004-இல் ரால்ஃப் ஹெர்ட்விக் என்ற உளவியலாளரின் குழுவினர் எண்ணைச் சொல்லாமல், பொத்தானை அமுக்கி அமுக்கி எது எவ்வளவு அடிக்கடி விழுகிறது என்று நீங்களே தெரிந்துகொள்ளுங்கள் என்று விட்டார்கள். எல்லாம் தலைகீழாகிவிட்டது. அரிதாக நடப்பது பலர் கண்ணில் படவே இல்லை. அதனால் அதற்கு உரிய எடைகூடக் கிடைக்கவில்லை.

சித்தப்பா முப்பது வருஷமாக பைக் ஓட்டுகிறார், ஒருமுறையும் விழுந்ததில்லை. ஆரியங்காவு வரைக்கும் ஹெல்மெட்டும் கூடவே போகும், பெட்ரோல் டேங்க் மேல்.