சொல் விளக்கம்: பொய்ப்பிக்கத்தக்க

உயர்தரத்தில் அளவையியல் படிக்கும் அக்காவின் மகள் போன கிழமை கொப்பியைத் தூக்கிக்கொண்டு வந்தாள். வெள்ளவத்தை ரியூசனில் எழுதிய ஒரு வரியின் கீழே சிவப்புப் பேனைக்கோடு: ‘விஞ்ஞானக் கருதுகோள் பொய்ப்பிக்கத்தக்கதாக இருத்தல் வேண்டும்.’

“மாமா, பொய்ப்பிக்கலாம் எண்டால் அது பொய் எண்டுதானே? பிறகேன் அப்பிடி இருக்கோணும் எண்டு சொல்லுறாங்கள்?”

பிள்ளையைக் குறை சொல்ல முடியாது. அந்தச் சொல் அப்படித்தான் காதில் விழுகிறது.

ஆங்கிலத்தில் இது ஃபோல்சிஃபையபிள். மூலம் இலத்தீன்: ஃபால்சுஸ் என்றால் பொய்யான, ஃபாக்கெரே என்றால் செய்தல். ஆங்கில வினைக்கு இன்றும் இரட்டைப் பொருள் உண்டு. கணக்குப் புத்தகத்தில் மோசடி செய்வதற்கும் அதே சொல்தான், ஒரு கூற்றைத் தவறென்று காட்டுவதற்கும் அதே சொல்தான். விஞ்ஞானத்தை மற்றவற்றிலிருந்து பிரிக்கும் அடையாளமாக இந்த இரண்டாவது பொருளை நிறுத்தியவர் 1902இல் வியன்னாவில் பிறந்த மெய்யியலாளர் கார்ல் பொப்பர். 1934இல் ஜேர்மன் மொழியில் வெளிவந்த அவருடைய நூல் ஆங்கிலத்துக்கு வர 1959 ஆனது.

பொப்பரின் இளமைக்கால வியன்னாவில் அல்ஃபிரட் அட்லர் என்ற மருத்துவரின் உளவியலுக்கு நல்ல மவுசு. ஒருவன் குழந்தையைத் தண்ணீரில் தள்ளினால், தாழ்வுணர்ச்சியால் தன் துணிவைக் காட்டப் பார்க்கிறான் என்று அது விளக்கும். இன்னொருவன் அந்தக் குழந்தையைக் காப்பாற்றக் குதித்தாலும் அதே தாழ்வுணர்ச்சி, அதே துணிவு. எதைச் செய்தாலும் பொருந்தும். ஐன்ஸ்டைன் பக்கத்தில் கதை வேறு. சூரியனை உரசிக்கொண்டு வரும் நட்சத்திர ஒளி 1.75 விகலை வளையவேண்டும் என்று அவர் கணக்குச் சொன்னது. ஒரு பாகையின் 3600இல் ஒரு கூறுதான் விகலை. நியூட்டன் வழிக் கணக்கில் அதில் பாதி. 1919 மே 29 கிரகணத்தன்று படமெடுத்து அளந்தார்கள். ஒளி வளையாமல் வந்திருந்தால் ஐன்ஸ்டைன் அவுட்.

சரி, தமிழுக்கு வருவோம். ‘பொய்யாக்கல்’ என்று சிலர் எழுதுகிறார்கள். எனக்குப் பிடிக்கவில்லை, உண்மையாக இருந்ததைப் போய்க் கெடுப்பதுபோல ஒலிக்கிறது. ‘பொய்ப்பித்தல்’ பரவாயில்லை. ஆனால் அதற்கும் அடியில் இருக்கிற ‘பொய்த்தல்’தான் அருமையான சொல். மழை பொய்த்துவிட்டது என்கிறோம். மழை பொய் சொன்னது என்று யாரும் நினைப்பதில்லை. வரவேண்டிய நேரத்தில் வரவில்லை, அவ்வளவுதான். குறளின் ‘விண்இன்று பொய்ப்பின்’ என்பதும் இந்தப் பொய்த்தல்தான். பருவம் என்று ஒன்று இருப்பதால்தான் மழையால் பொய்க்க முடிகிறது. கொழும்பில் மே மாதம் வானம் காய்ந்து கிடந்தால் மழை பொய்த்தது என்போம். பெப்ரவரியில் காய்ந்தால் வாயே திறக்கமாட்டோம், ஏனென்றால் அப்போது யாரும் மழையை எதிர்பார்த்து நிற்கவில்லை.

கருதுகோளும் அப்படித்தான். இன்னது நடக்கும் என்று சொல்லி வைத்தால்தான் அதனால் பொய்க்க முடியும். என் நண்பர் ஒருவரின் குறிப்பைப் பார்த்த சாத்திரியார், “இந்த வருசம் வெளிநாட்டுப் பயணம் கைகூடும், ஆனால் தடங்கலும் வரப் பார்க்கும்” என்றார். விசா கிடைத்தாலும் அவர் சொன்னது சரி, கிடைக்காவிட்டாலும் சரி. கடைசியில் கிடைத்தது. அது ஏன் கிடைத்தது, ஏன் மறுக்கப்படவில்லை என்று கேட்டால் அந்த வாக்கில் பதிலே இல்லை. இரண்டு முடிவுக்கும் ஒரே வாக்கு நிற்கிறதென்றால் அது எந்த முடிவுக்கும் காரணம் சொல்லவில்லை. (நண்பர் இன்னும் அவரிடம்தான் போகிறார்.)

ஒருமுறை பொய்த்ததும் தூக்கி எறிவார்கள் என்றும் இல்லை. யுரேனஸின் பாதை நியூட்டன் கணக்குக்குத் தப்பியபோது, அப்பால் இன்னொரு கோள் இழுக்கவேண்டும் என்றார்கள். 1846இல் நெப்டியூன் அகப்பட்டது. புதன் தப்பியபோதும் அதே யோசனைதான், வல்கன் என்று பெயர்கூட வைத்துத் தேடினார்கள். அப்படி ஒன்று இல்லை. சமாளிப்பாகச் சொன்னதுகூட வானத்தில் தேடிப் பார்க்கக்கூடியதாக இருந்தது.

ஆகவே என் தெரிவு ‘பொய்க்கக்கூடிய’. செய்கிறவனை விட்டுவிட்டுக் கருதுகோளையே எழுவாயாக்குகிறது, மழையோடும் சேர்ந்துகொள்கிறது. இதையெல்லாம் சொல்லி முடித்ததும் அவள் கேட்டாள்:

“அப்பிடி எழுதினால் புள்ளி போடுவினமோ?”

“போடமாட்டினம் பிள்ளை. சோதனைக்கு ‘பொய்ப்பிக்கத்தக்க’ எண்டே எழுது.”