ஒரே தீவு, இரண்டு குளிர்காலம்

1986 மார்ச் 4 அன்று ஸ்வால்பார்ட் விமான நிலையத்து வெப்பமானி மைனஸ் 46.3 டிகிரி செல்சியஸ் காட்டியது. அதே இடத்தில் 2012 பிப்ரவரி தொடக்கத்தில் ஒரு நாள் ப்ளஸ் 7 வரை ஏறியது. பனிக்குப் பதிலாக மழை பெய்தது. இரண்டும் குளிர்காலம்தான். முதல் நாளில் சூரியன் அடிவானத்தைக் கொஞ்சம்போல எட்டிப் பார்க்கும் பருவம், இரண்டாவது நாளில் அதுவும் கிடையாது. சூரியன் சூடேற்றவே வராத பருவத்தில் இந்த 53 டிகிரி வித்தியாசம் எங்கிருந்து வந்தது?

நார்வேயின் வடமுனைக்கும் வடதுருவத்துக்கும் ஏறக்குறைய நடுவழியில் இருக்கிறது ஸ்வால்பார்ட் தீவுக்கூட்டம். அதன் முக்கிய ஊரான லாங்யர்பியனில் அக்டோபர் கடைசியில் மறையும் சூரியன் பிப்ரவரி நடுவில்தான் மறுபடி அடிவானத்துக்கு மேலே வரும். சுற்றிலும் மலைகள் மறைப்பதால் ஊருக்குள் வெயில் விழ மார்ச் 8 ஆகிவிடும்.

கோடையில் இந்தத் தீவு ரொம்பச் சாதுவானது. வருகிற வெயிலில் கணிசமான பங்கு பனியை உருக்கவே செலவாகிவிடும். உருகும் பனியையும் குளிர்ந்த கடலையும் ஒட்டியிருக்கும் காற்று இஷ்டத்துக்குச் சூடாக முடியாது. அதனால் ஒரு ஜூலைக்கும் அடுத்த ஜூலைக்கும் பெரும்பாலும் ஒன்றிரண்டு டிகிரிதான் வேறுபாடு. பிப்ரவரிகள் அப்படியில்லை. ஒரு வருஷத்துப் பிப்ரவரி சராசரி இன்னொரு வருஷத்தை விடப் பத்து டிகிரிக்கு மேல் விலகி நிற்கும். இந்தத் தீவின் பருவநிலை ஏறுவதையும் இறங்குவதையும் பார்க்க வேண்டுமானால் குளிர்காலத்தைத்தான் பார்க்க வேண்டும்.

காரணம் இதுதான். வெயில் இல்லாதபோது தரை தன் வெப்பத்தை வானத்துக்குக் கொடுத்துக்கொண்டே இருக்கும். மேகமில்லாத, காற்றசையாத நேரத்தில் மிகக் குளிர்ந்த காற்று மெல்லிய படலமாகத் தரையோடு படிந்துவிடும். சில நூறு மீட்டர் மேலே போனால் அதைவிட வெதுவெதுப்பு. மலைமேல் ஏறினால் குளிரும் என்று பழகிய நமக்கு இது தலைகீழாகத் தெரியும். படலம் மெல்லியது என்பதால் சீக்கிரம் கலைந்தும் போகும். ஒரு புயல் வந்து கலக்கினாலோ மேகம் வந்து போர்வை போட்டாலோ ஒரே நாளில் வெப்பநிலை மளமளவென்று ஏறிவிடும்.

ஆக, குளிரைத் தீர்மானிப்பவை இரண்டு: கடலைப் பனி மூடியிருக்கிறதா, காற்று எங்கிருந்து வருகிறது.

முதலில் கடல். அட்லாண்டிக்கின் வெதுவெதுப்பான வளைகுடா நீரோட்டத்தின் கடைசிக் கிளைகளில் ஒன்று, லாங்யர்பியன் இருக்கும் ஸ்பிட்ஸ்பெர்கன் தீவின் மேற்குக் கரையை ஒட்டி வடக்கே போகிறது. நடுக்குளிர்காலத்திலும் அதன் நீர் பூஜ்யத்துக்குச் சில டிகிரி மேலே இருக்கும். கடல்நீர் உறைவதே மைனஸ் 1.8 டிகிரியில்தான். மேலே காற்று மைனஸ் 25இல் இருக்கும்போது, திறந்து கிடக்கும் கடல் என்பது அடுப்பில் கொதிக்கும் பானை மாதிரி. வெப்பமும் ஆவியும் பொங்கி மேலே வரும். அதன்மேல் அரை மீட்டர் கடற்பனியும் சிறிது தூவற்பனியும் சேர்ந்துவிட்டால் பானைக்கு மூடி போட்டாயிற்று. மேலே வரும் வெப்பம் சிறு பங்காகச் சுருங்கிவிடும். கடல் அதே கடல்தான்; ஆனால் தீவு இப்போது ஒரு கண்டத்தின் உட்பகுதிபோலக் குளிர ஆரம்பிக்கும். மூடி போட்ட குளிர்காலம், மூடி திறந்த குளிர்காலம் என்று ஸ்வால்பார்ட்டுக்கு இரண்டு குளிர்காலங்கள் உண்டு.

அப்புறம் காற்று. வடகிழக்கிலிருந்து வந்தால் பனிக்கடலைத் தாண்டி வரும். தெற்கிலிருந்து வந்தால் அட்லாண்டிக்கின் ஈரத்தையும் வெப்பத்தையும் சுமந்து வரும். தெற்குக் காற்று இன்னொரு வேலையும் செய்கிறது, மூடியையே வடக்கே தள்ளிவிடுகிறது. இப்படி ஒன்று மற்றொன்றைத் தூக்கிவிடுவதால்தான் மாற்றங்கள் பெரிதாகின்றன, சில சமயம் பத்து இருபது வருஷம் நீடிக்கவும் செய்கின்றன.

வட அட்லாண்டிக்கில் காற்று ஒரு ஊஞ்சல்போல ஆடுவது பழங்காலத்திலேயே தெரிந்த விஷயம். டென்மார்க்கில் குளிர் கடுமையானால் கிரீன்லாந்தில் அந்த வருஷம் குளிர் மட்டு என்றும், அங்கே மட்டானால் இங்கே கடுமை என்றும் 1770களில் கிரீன்லாந்தில் இருந்த ஹான்ஸ் எகெடெ சோபி என்ற பாதிரியார் நாட்குறிப்பில் எழுதி வைத்தார். அந்த ஊஞ்சலுக்குப் பெயர் சூட்டியவர் நம் பக்கத்தில் வேலை பார்த்தவர் என்பது எனக்குப் பிடித்த தகவல். 1904 முதல் 1924 வரை இந்திய வானிலைத் துறைக்குத் தலைவராயிருந்த கில்பர்ட் வாக்கர், பருவமழை பொய்ப்பதை முன்கூட்டிச் சொல்ல முடியுமா என்று உலகெங்கும் உள்ள காற்றழுத்தக் கணக்குகளைத் துழாவியபோது கிடைத்தவற்றில் ஒன்றுதான் ‘வட அட்லாண்டிக் அலைவு’. ஸ்வால்பார்ட்டின் குளிரை இந்த அலைவு மட்டும் ஆட்டுவிக்கவில்லை. புயல்களின் பாதை எங்கே திரும்புகிறது என்பதும் சேர்ந்துகொள்கிறது.

நூறு வருஷத்துக்கு மேற்பட்ட கதை தெரிய வேண்டுமானால் பதிவுகள் வேண்டும். ஸ்வால்பார்ட்டில் நிரந்தரமான வானிலைப் பதிவு 1911இல் கிரீன் ஹார்பர் வானொலி நிலையத்தில் தொடங்கியது. நார்வே ஆய்வாளர்கள் அதோடு பிந்தைய நிலையங்களையும், அதற்கு முன்பு தீவில் குளிர்காலம் கழித்த வேட்டைக்காரர்களும் ஆய்வுக் குழுக்களும் குறித்து வைத்த கணக்குகளையும் ஒட்டுப்போட்டு 1898 வரை பின்னோக்கி நீட்டியிருக்கிறார்கள். நடுவே உலகப்போர் வேறு. 1941இல் மக்கள் வெளியேற்றப்பட, ஜெர்மானியர்கள் ரகசிய வானிலை நிலையங்கள் வைத்தார்கள். அதில் ஒரு குழு போர் முடிந்து மாதங்கள் கழித்து, 1945 செப்டம்பரில், சீல் வேட்டைக் கப்பல் ஒன்றின் தலைவரிடம் சரணடைந்தது!

அந்தத் தொடரில் 1916–17 குளிர்காலம் ஒரு பாதாளம். அதன்பின் சில வருஷங்களிலேயே குளிர்காலச் சராசரி பல டிகிரி ஏறிவிட்டது. 1922இல் பெர்கன் நகரிலிருந்த அமெரிக்கக் கான்சல், ஆர்க்டிக் சூடாகிவருகிறது, பனியாறுகள் பின்வாங்குகின்றன, சீல்கள் குறைந்துவிட்டன என்று அறிக்கை அனுப்பினார். இந்த அறிக்கை இன்றும் இணையத்தில் சுற்றுகிறது, ‘பார்த்தீர்களா, அப்போதே சூடாகித்தானே இருந்தது’ என்ற வியாக்கியானத்தோடு. அறிக்கை உண்மைதான். ஆனால் கதையைப் பாதியில் நிறுத்துவது நியாயமில்லை. அந்த வெப்பம் பெரும்பாலும் வட அட்லாண்டிக்கையும் ஆர்க்டிக்கையும் ஒட்டியது. காற்றும் நீரோட்டமும் கடற்பனியும் சேர்ந்து ஆடிய ஆட்டம் அதில் பெரும்பங்கு. 1960களில் ஊஞ்சல் மறுபக்கம் போனது, பனி திரும்பி வந்தது, தீவு மறுபடி உறைந்தது.

இப்போது நடப்பது உலகம் முழுக்க. ஊஞ்சல் கட்டியிருக்கும் உத்தரமே உயர்கிறது. 1991க்குப் பின் ஸ்வால்பார்ட் பத்து வருஷத்துக்குச் சுமார் 1.7 டிகிரி வீதம் சூடானது, உலகச் சராசரியைப்போல ஏழு மடங்கு. 1961–90இல் விமான நிலையத்தின் பிப்ரவரி சராசரி மைனஸ் 16.2. வடமேற்கே நீ-ஓலசுண்ட் என்ற ஆய்வூரில் 2025 பிப்ரவரியின் சராசரி மைனஸ் 3.3தான், மாதத்தில் பாதி நாட்கள் பூஜ்யத்துக்கு மேலே போயின. இந்தியாவின் ஹிமாத்ரி ஆய்வு நிலையம் 2008 முதல் இருப்பது இதே நீ-ஓலசுண்டில்தான். கோடையில் மட்டும் போய்வந்தவர்கள் 2023 டிசம்பரில் முதல் குளிர்காலப் பயணத்தைத் தொடங்கினார்கள்.

சூடானால் அங்கே வாழ்பவற்றுக்கு நல்லதுதானே என்று தோன்றலாம். மழைதான் அங்கே வினை. 2012 ஜனவரி 30 அன்று நீ-ஓலசுண்டில் ஒரே நாளில் 98 மில்லிமீட்டர் மழை கொட்டியது. பனிமேல் விழும் மழைநீர் அடியில் போய் உறைந்து, புல்மீது கண்ணாடி ஓடுபோலப் படிந்துவிடும். ரெயின்டீர் மான்கள் பனியைக் காலால் கிளறித் தின்னும். இந்த ஓட்டை உடைக்க அவற்றால் முடியாது. அப்படிப்பட்ட குளிர்காலங்களில் சில மான்கள் கடற்கரைக்கு இறங்கி, ஒதுங்கிக் கிடக்கும் கடற்பாசியை மேய்கின்றன.

மலைகளுக்கு நடுவே நிலத்துக்குள் நீளும் கடற்கால்தான் ஃபியோர்டு. லாங்யர்பியனை ஒட்டிய பெரிய ஃபியோர்டின் பெயர் இஸ்ஃபியோர்டு, அதாவது பனி ஃபியோர்டு. 2006க்குப் பின் அது முன்போல உறைவதில்லை. ஆனாலும் ஊஞ்சல் ஆடுவதை நிறுத்தவில்லை. 2020 மார்ச்சில் வடக்குக் காற்று அடித்தது, கடற்பனி தெற்கே இறங்கி வந்தது, ஊர்க்காரர்கள் மறுபடி பழைய குளிரைப் பார்த்தார்கள்.